நாலு நாளுக்கு ஒரு தடவை, அதுவும் அழுதுகொண்டே: குழந்தையின் மலச்சிக்கலை எப்படிச் சரிசெய்வது?

ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு நாலு வயது, எடை 15 கிலோ. ஆறு மாதமாக நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் மோஷன் போகிறாள். போகும்போது கத்தி அழுகிறாள், சில நாள் ரத்தம் ஒட்டியிருக்கிறது. டாக்டர் கொடுத்த சிரப்பில் ஐந்து நாளில் சரியாயிற்று, நிறுத்தினார்கள், மறுபடியும் பழையபடி. இப்போது இரண்டு வாரமாக ஜட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுக்கொண்டே இருக்கிறது. பேதியா என்று தெரியவில்லை. மாமியார் விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்கிறார். மருந்து கொடுத்தால் குடல் அதற்கே பழகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். ஜூனில் எல்கேஜி சேர்க்க வேண்டும். என்ன செய்வது?

நான் குழந்தை மருத்துவர். புறநோயாளிப் பிரிவில் வயிற்றுவலி என்று வரும் குழந்தைகளில் பலருக்கும் கடைசியில் பிரச்சினை இதுவாகத்தான் இருக்கும். அதனால் முடிவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜட்டியில் படுவது பெரும்பாலும் பேதி கிடையாது. விளக்கெண்ணெய் வேண்டாம். நீங்கள் பயப்படும்படி மருந்து பழகிவிடாது. ஐந்து நாளில் நிறுத்தியதால்தான் திரும்பி வந்தது, ஏனென்றால் இது மாதக்கணக்கில் கொடுக்க வேண்டிய மருந்து. காரணத்தையும் விரிவாகச் சொல்கிறேன். காரணம் புரிந்த பெற்றோர்தான் மூன்றாவது மாதத்திலும் விடாமல் கொடுப்பார்கள்.

உங்கள் மகளை ஒருநாள் சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். விளையாடிக்கொண்டிருப்பவள் சட்டென்று நிறுத்துவாள். கதவு இடுக்கிலோ திரைச்சீலைக்குப் பின்னாலோ போய் நிற்பாள். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பாள். காலைப் பின்னிக்கொள்வாள், பின்பக்கம் கல்லாக இறுகும், முகம் சிவக்கும், நெற்றி வியர்க்கும். ‘பாவம், எவ்வளவு முக்குகிறாள், வரமாட்டேன் என்கிறதே’ என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அவள் வெளியே தள்ள முயலவில்லை, உள்ளே அடக்கிக்கொண்டிருக்கிறாள். இரண்டு மூன்று நிமிடம் இறுக்கிப் பிடித்தால் மலம் மேலே ஏறிவிடும், உந்துதல் அடங்கிவிடும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிப்போய் விளையாடுவாள்.

ஏன் அடக்குகிறாள்? ஒருமுறை வலித்தது. காய்ச்சலில் சரியாகத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கலாம், ஊருக்குப் போன இடத்தில் டாய்லெட் பிடிக்காமல் இருந்திருக்கலாம், டயப்பரை விடவைக்கும்போது கொஞ்சம் அதட்டியிருக்கலாம். எதனாலோ ஒரு தடவை கட்டியாகப் போய், ஆசனவாயில் சின்னதாக ஒரு கீறல் விழுந்திருக்கும். அந்த வலியைக் குழந்தை மறப்பதில்லை. அடுத்த முறை உந்துதல் வரும்போது ‘வேண்டாம்’ என்று அடக்குகிறது. அடக்கிய மலம் பெருங்குடலின் கடைசிப் பகுதியான மலக்குடலில் தங்குகிறது. அங்கே தங்கத் தங்க உடல் அதிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாலாம் நாள் வெளியே வரும்போது முன்னைவிடப் பெரிதாக, முன்னைவிடக் கடினமாக வருகிறது, முன்னைவிட அதிகமாக வலிக்கிறது. பயம் இரட்டிப்பாகிறது. குழந்தைகளின் மலச்சிக்கலில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இந்தச் சுழல்தான். குடலில் நோய் என்று எதுவும் இருக்காது.

மலத்தின் மேற்பரப்பில் கோடு போட்டதுபோல் ஒட்டியிருக்கும் சிவப்பு ரத்தம் பெரும்பாலும் அந்தக் கீறலிலிருந்து வருவது. மலம் இளகினால் கீறல் தானே ஆறும். ஒரு சின்ன விஷயம்: கீறல் இருக்கும்போது ஜெட் ஸ்ப்ரே வைத்துக் கழுவாதீர்கள். அந்த வேகம் சுரீர் என்று வலிக்கும், டாய்லெட் பயத்தில் அதுவும் சேர்ந்துகொள்ளும். மக்கில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து மெதுவாக ஊற்றிக் கழுவிவிடுங்கள், போதும்.

இனி ஜட்டியில் படுவது. பெற்றோர் அதிகம் குழம்புவதும், குழந்தைகள் அநியாயமாகத் திட்டு வாங்குவதும் இந்த இடத்தில்தான். மலக்குடலில் பெரிய கட்டி அடைத்துக்கொண்டு நிற்கிறது. மேலிருந்து இளகலாக வருவது அதைச் சுற்றிக்கொண்டு ஓரமாக வழிகிறது. வழிவதே குழந்தைக்குத் தெரியாது. மாதக்கணக்கில் விரிந்தே இருந்த மலக்குடல், பழைய பாவாடையின் எலாஸ்டிக்போல் தொய்ந்துபோயிருக்கும். நிரம்பினால் ‘வருகிறது’ என்று சொல்லும் உணர்ச்சியும் மங்கியிருக்கும். ‘இவ்வளவு பெரிய பிள்ளை, கூச்சம் இல்லையா?’ என்று கேட்டால் அவளிடம் பதில் இருக்காது. வேண்டுமென்றோ சோம்பேறித்தனத்தாலோ செய்வது இல்லை இது. தயவுசெய்து இதற்காக அடிக்காதீர்கள், சூடு வைப்பேன் என்று மிரட்டாதீர்கள், உறவினர் முன்னால் சொல்லிச் சிரிக்காதீர்கள். பேதி என்று நினைத்து, பேதியை நிறுத்தும் மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடவும் கூடாது. அடைப்பு இன்னும் மோசமாகும்.

நிரம்பிய மலக்குடல் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையையும் அழுத்தும். அதனால்தான் இந்தக் குழந்தைகள் சிலர் படுக்கையில் சிறுநீர் கழிக்கிறார்கள், அடிக்கடி சிறுநீர் போகிறார்கள். பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் மோஷன் ஒழுங்காகப் போகிறதா என்பதையும் கேட்டுவிடுவது எங்கள் வழக்கம். பசி குறைவதும், சாப்பிட உட்கார்ந்ததும் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்பதும் இதனாலேயே வரலாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை போனால் சரி என்ற கேள்வியை இங்கேயே முடித்துவிடலாம். பிறந்த முதல் வாரத்தில் குழந்தை சராசரியாக நாளுக்கு நாலு தடவை போகும். இரண்டு வயதில் அது ஒன்றிரண்டு தடவையாகும், நாலு வயதில் பெரியவர்களைப்போல் ஒரு தடவை ஆகிவிடும். ஆனால் எண்ணிக்கையைவிடத் தன்மைதான் முக்கியம். இரண்டு நாளுக்கு ஒருமுறை இளகலாக, அழாமல் போகும் குழந்தைக்கு மலச்சிக்கல் இல்லை. தினமும் ஆட்டுப்புழுக்கை மாதிரி நாலு உருண்டை போட்டுவிட்டு அழும் குழந்தைக்கு உண்டு. வாரத்துக்கு இரண்டு அல்லது அதற்கும் குறைவாகப் போவது, அடக்கிவைப்பது, வலியோடு அல்லது கட்டியாகப் போவது, டாய்லெட்டே அடைக்கும் அளவுக்குப் பெரிதாகப் போவது, ஜட்டியில் படுவது, பரிசோதிக்கும்போது மலக்குடலில் பெரிய கட்டி இருப்பது ஆகியவற்றில் ஏதாவது இரண்டு ஒரு மாதம் தொடர்ந்தால் அதை மலச்சிக்கல் என்கிறோம். 2016இல் வெளியான ரோம் 4 என்ற சர்வதேச வரையறை அப்படித்தான் சொல்கிறது. உங்கள் மகளிடம் குறைந்தது நாலு இருக்கிறது. எக்ஸ்ரே, ஸ்கேன் எதுவும் எடுக்காமலே சொல்லிவிடலாம்.

அதற்காகச் சோதனையே தேவைப்படாது என்று எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது. சில அறிகுறிகள் இருந்தால் வீட்டு வைத்தியமும் வேண்டாம், இந்தப் பதிலும் போதாது, நேரில் போக வேண்டும். பிறந்த முதல் மாதத்திலேயே தொடங்கிய மலச்சிக்கல். பிறந்து 48 மணி நேரத்துக்குள் கருப்பு மலம் போகாத குழந்தை. வயிறு வீங்கி, பச்சை நிறத்தில் வாந்தி. மலம் எப்போதும் நாடாபோல் மெல்லியதாக வருவது. எடை ஏறாமல் இருப்பது. காலில் பலவீனம், நடையில் மாற்றம், அடிமுதுகில் குழியோ முடிக்கற்றையோ இருப்பது. கீறல் எதுவும் தெரியாமல் ரத்தம் வருவது. இவற்றில் பச்சை வாந்தியோடு வயிற்று வீக்கம் என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், மறுநாள் வரை வைத்திருக்கக் கூடாது.

48 மணி நேரக் கணக்குக்கு ஒரு காரணம் உண்டு. குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்களே இல்லாமல் சில குழந்தைகள் பிறக்கின்றன. டென்மார்க்கின் குழந்தை மருத்துவர் ஹரால்டு ஹிர்ஷ்ஸ்பிரங் 1886இல் இதை விவரித்ததால் அவர் பெயரிலேயே அழைக்கிறோம். ஏறக்குறைய ஐயாயிரம் பிறப்புக்கு ஒன்று. அந்தப் பகுதி விரியாது, மலம் தாண்டிப் போகாது, அறுவை சிகிச்சைதான் வழி. குழந்தை வளராமல் குட்டையாகவே இருக்கிறது, மந்தமாக இருக்கிறது, கூடவே மலச்சிக்கல் என்றால் தைராய்டு பார்க்க வேண்டும். உங்கள் மகளுக்கு இது தொடங்கியதே மூன்றரை வயதில். நன்றாக வளர்ந்துகொண்டிருக்கிறாள் என்றால் இவற்றுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. இருந்தாலும் மருத்துவர் ஒருமுறை வயிற்றைத் தொட்டும், முதுகையும் ஆசனவாயின் இடத்தையும் பார்த்தும் உறுதிசெய்துகொள்ளட்டும்.

சிகிச்சைக்கு வருவோம். கீரை, பழம், தண்ணீர் என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். ஜட்டியில் படும் அளவுக்கு அடைத்திருக்கும் குழந்தைக்கு அதில் தொடங்கினால் நடக்காது. அடைப்பு அப்படியே இருக்க, அதன் மேல் நார்ச்சத்தை ஏற்றினால் வயிறுதான் இன்னும் உப்பும். முதலில் தேங்கியிருப்பதை முழுதாக இறக்க வேண்டும். பிறகு அது மறுபடி சேராமல் மாதக்கணக்கில் இளக்கியே வைத்திருக்க வேண்டும். உணவும் பழக்கமும் அந்த மாதங்களில் மெல்ல வேரூன்றும்.

இறக்குவதற்கு இப்போது முதல் தேர்வு பாலிஎத்திலீன் கிளைகால் என்ற பவுடர். மருந்துச்சீட்டில் பெக் என்று எழுதுவோம். ரத்தத்தில் சேர்வது மிகமிகக் குறைவு. குடலுக்குள்ளேயே தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடும். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைக் குடல்நோய்ச் சங்கங்கள் 2014இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில், அடைப்பை இறக்க நாளுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை மூன்று முதல் ஆறு நாள் என்றும், அதன் பிறகு தொடர்வதற்குக் கிலோவுக்கு 0.4 கிராமில் தொடங்கி 0.2 முதல் 0.8 வரை கூட்டிக் குறைக்கலாம் என்றும் இருக்கிறது. 15 கிலோ குழந்தைக்கு இறக்கும் நாட்களில் 15 முதல் 22 கிராம் வரை, தொடரும்போது சுமார் 6 கிராம். அளவை உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ‘இவ்வளவா கொடுக்கச் சொல்கிறார்’ என்று பயந்து நீங்கள் பாதியாகக் குறைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கணக்கைச் சொன்னேன். கொலோனோஸ்கோபிக்கு முன்னால் குடலைக் காலிசெய்யப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் பெரிய பொட்டலத்திலும் இதே வகை மருந்து இருக்கும். கடையில் அதை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். சீட்டில் எழுதிய அதே பவுடரைக் கேட்டு வாங்கி, சொன்ன அளவு தண்ணீரிலோ ஜூஸிலோ நன்றாகக் கரைத்துக் கொடுங்கள்.

இறக்கும் நாட்கள் சுலபமாக இருக்காது, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வயிறு முறுக்கும். ஜட்டியில் படுவது முதலில் அதிகமாகும். கட்டியும் தண்ணீருமாக மாறி மாறிப் போகும், நாற்றம் தாங்காது. ‘பேதியாகிவிட்டது’ என்று இரண்டாம் நாளே நிறுத்துபவர்கள் பலர். கட்டி முழுக்க வெளியேறி, கட்டி இல்லாமல் தண்ணீராகப் போகும்வரை தொடர வேண்டும். அடைப்பு போய்விட்டதா என்று மருத்துவர் வயிற்றைத் தொட்டே சொல்லிவிடுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தால் சனி, ஞாயிறு வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளலாம். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ வயிறு உப்பிக்கொண்டே போனாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

எனிமா கொடுத்தும் இறக்கலாம், அதுவும் பலன் தரும். ஆனால் பின்பக்கம் எதையாவது செருகுவதென்றாலே நடுங்கும் குழந்தையைக் கையையும் காலையும் பிடித்துக்கொண்டு எனிமா கொடுப்பது அந்தப் பயத்தை ஆழமாக்கும். வாய்வழி மருந்தே ஏறக்குறைய அதே பலனைக் கொடுக்கும்போது அதைத்தான் முதலில் முயல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லாக்டுலோஸ் சிரப்பும் நல்ல மருந்துதான். ஒரு வயதுக்குக் கீழே பெரும்பாலும் அதைத்தான் கொடுக்கிறோம். மேலே சொன்ன வழிகாட்டியில் அதன் அளவு நாளுக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 கிராம். இங்கே கிடைக்கும் பெரும்பாலான சிரப்பில் 15 மில்லியில் 10 கிராம் இருக்கும். இரவில் ஐந்து மில்லி என்றால் 3.3 கிராம். அடைத்துப்போன 15 கிலோ குழந்தைக்கு அது எட்டாது. உங்களுக்குக் கொடுத்த சிரப் எது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை அடுத்த முறை பாட்டிலோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

இப்போது, மருந்து பழகிவிடுமா? இந்தப் பயத்தால்தான் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிகிச்சை பாதியில் நிற்கிறது. பெக், லாக்டுலோஸ் இரண்டும் மலத்தை இளக்குபவை, அவ்வளவுதான். குடலைச் சோம்பேறியாக்குவதில்லை. நிறுத்தினால் பிரச்சினை திரும்புகிறது என்றால், தொய்ந்த மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்குவதற்கும் குழந்தையின் பயம் போவதற்கும் முன்பே நிறுத்திவிட்டோம் என்று பொருள். ஐந்து நாளில் மலம் இளகும். பயம் ஐந்து நாளில் போகாது. ‘இனி வலிக்காது’ என்று அவள் உடம்பு நம்புவதற்கு வலியில்லாமல் எத்தனையோ முறை போயிருக்க வேண்டும். அதனால்தான் குறைந்தது இரண்டு மாதம், அதிலும் எல்லாம் சரியாகி ஒரு மாதமாவது ஆன பிறகுதான் குறைக்கத் தொடங்க வேண்டும் என்கிறார்கள். நடைமுறையில் ஆறு மாதம் கொடுக்கும் குழந்தைகள் நிறைய உண்டு. குறைப்பதும் படிப்படியாகத்தான். ஒரே நாளில் நிறுத்தவே கூடாது. சிறப்பு மருத்துவர்களிடம் வரும் குழந்தைகளிலேயே பாதிப் பேர்தான் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் மருந்தில்லாமல் தேறுகிறார்கள். மற்றவர்களுக்கு இன்னும் நாளாகும். நடுவில் ஒருமுறை திரும்பி வந்தால் தோற்றுவிட்டோம் என்று நினைக்காமல் அளவைக் கூட்டி மறுபடி தொடர்வதுதான் வழி.

அளவு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் தினமும் இரண்டு வார்த்தை எழுதுங்கள்: போனாளா, எப்படிப் போனாள். இட்லி மாவு பதத்துக்கும் பழுத்த வாழைப்பழப் பதத்துக்கும் நடுவில், தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், அழாமல் போனால் அளவு சரி. கட்டியானால் கூட்ட வேண்டும், தண்ணீராகப் போனால் குறைக்க வேண்டும். எவ்வளவு கூட்டலாம், எவ்வளவு குறைக்கலாம் என்பதை மருத்துவரிடம் முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் ஓட வேண்டியதில்லை.

மருந்தோடு சேர்ந்து நடக்க வேண்டியது உட்காரும் பழக்கம். சாப்பிட்டவுடன் பெருங்குடல் தானாக அசையும், இயற்கையே கொடுத்திருக்கும் நேரம் அது. காலைச் சாப்பாட்டுக்குப் பின்னும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும், அரை மணி நேரத்துக்குள், ஐந்து முதல் பத்து நிமிடம் உட்காரவையுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் உட்கார்ந்ததற்குப் பாராட்டு. காலண்டரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாம். போனால்தான் ஸ்டிக்கர் என்றால் அது இன்னொரு பரீட்சையாகிவிடும்.

எப்படி உட்காருகிறாள் என்பதையும் பாருங்கள். குந்தி உட்காரும்போது மலக்குடலைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து வழி நேராகும். அந்த வகையில் நம் ஊர் டாய்லெட் நல்லதுதான், ஆனால் நாலு வயதுக் குழந்தைக்குக் குழிக்குள் விழுந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கும். வெஸ்டர்ன் டாய்லெட்டில் பெரியவர் சீட்டில் உட்காரவைத்தால் கால் அந்தரத்தில் தொங்கும், கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டே இருப்பாள். கால் ஊன்றாமல் முக்க முடியாது. குழந்தை சீட் ஒன்று போட்டு, காலுக்கடியில் மணைக்கட்டையோ சின்ன ஸ்டூலோ வையுங்கள், முட்டி இடுப்பைவிடச் சற்று உயர இருக்க வேண்டும். கையில் ஒரு பலூனோ பீப்பியோ கொடுத்து ஊதச் சொல்லுங்கள். ஊதும்போது வயிறு தானாக அழுத்தும், கீழே இறுக்கிப் பிடிப்பது கடினம். போனைக் கொடுக்காதீர்கள். அதில் மூழ்கிவிட்டால் எதற்காக உட்கார்ந்தோம் என்பதே மறந்துபோகும்.

உணவில் நான் முதலில் கேட்பது பாலைப் பற்றி. காலையில் ஒரு டம்ளர், பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு டம்ளர், சாப்பிடவில்லையே என்று இரவில் ஒரு பாட்டில், எல்லாவற்றிலும் சத்துப் பவுடர், தொட்டுக்கொள்ள பிஸ்கட். இந்தக் குழந்தைக்கு வேறு எதற்கும் பசி வராது. நாளுக்கு 400, 500 மில்லிக்கு மேல் பால் வேண்டாம். அதிகப் பால் ரத்தசோகைக்கும் ஒரு காரணம். பாட்டிலை ஒரு வயதிலேயே விடவைத்திருக்க வேண்டும், இன்னும் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சரியான அளவு மருந்துக்கும் மசியாத சில குழந்தைகளுக்குப் பசும்பால் புரதமே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அப்போது மருத்துவர் சொல்லி இரண்டு முதல் நாலு வாரம் பாலை முழுக்க நிறுத்திப் பார்ப்பதுண்டு. நீங்களாகச் செய்ய வேண்டாம், கால்சியத்துக்கு மாற்று பார்க்க வேண்டியிருக்கும்.

நார்ச்சத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: வயதோடு ஐந்தைக் கூட்டினால் வருவது நாளுக்குத் தேவையான கிராம். உங்கள் மகளுக்கு ஒன்பது. ஒரு நடுத்தரக் கொய்யாவும் ஒரு சின்னக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் போதும், கிட்டத்தட்ட வந்துவிடும். கொய்யா விதை மலத்தைக் கட்டும் என்று பயந்து விதையை எடுத்துவிட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு பழத்தில் இருக்கும் விதையால் ஒன்றும் ஆகாது. வாழைப்பழம் நன்றாகப் பழுத்ததாக இருக்கட்டும், காய்ப்பாக இருப்பது சிலருக்குக் கட்டிக்கொள்ளும். பீன்ஸ், அவரை, கீரை, வாழைத்தண்டுக் கூட்டு, தோலோடு பாசிப்பயறு, கம்பு, கேழ்வரகு ஆகியவற்றில் அவள் எதைச் சாப்பிடுகிறாளோ அதைக் கூட்டுங்கள். சாப்பிடாததைத் திணித்துச் சாப்பாட்டு நேரத்தையும் சண்டையாக்க வேண்டாம். நார்ச்சத்துப் பவுடர் தனியாக வாங்கிக் கொடுப்பதால் பெரிய பலன் இல்லை.

தண்ணீரும் அப்படித்தான். இந்த வயதுக்கு நாளுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல், வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம். சிறுநீர் வெளிறிய நிறத்தில் போனால் போதுமான தண்ணீர் குடிக்கிறாள். அதற்கு மேல் எவ்வளவு குடித்தாலும் சிறுநீராகத்தான் போகும், மலத்தை இளக்காது.

உங்கள் மாமியார் சொல்லும் விளக்கெண்ணெய்க்கு வருகிறேன். மாதம் ஒருமுறை பேதிக்குக் கொடுத்து வளர்த்த தலைமுறை அவர்களுடையது. அக்கறையால்தான் சொல்கிறார். விளக்கெண்ணெய் குடலைச் சுருங்கவைத்துத் தள்ளும். கீழே பெரிய கட்டி அடைத்திருக்கும்போது மேலிருந்து இப்படித் தள்ளினால் வயிறு முறுக்கி வலிக்கும், கட்டி கிழித்துக்கொண்டு வெளியே வரும். குழந்தை எதற்குப் பயந்ததோ அதுவே நடந்துவிடும். வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தொட்டுச் செருகுவது, சோப்பைச் சீவி வைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். சோப்பு மலக்குடலின் மெல்லிய தோலைப் புண்ணாக்கிவிடும். ‘உடம்புச் சூடு’ என்று தலையில் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டுவதால் கெடுதல் இல்லை, இதற்குப் பலனும் இல்லை. பூச்சி மருந்தும் இதற்கான மருந்து கிடையாது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையை அதன் காரணத்துக்காகக் கொடுங்கள்.

ஆனால் அதே மாமியார் உலர்ந்த திராட்சையை இரவில் ஊறவைத்துக் காலையில் பிசைந்து கொடுக்கச் சொன்னால் தாராளமாகக் கொடுக்கலாம். அதில் மலத்தை மெல்ல இளக்கும் தன்மை உண்டு. அடைப்பை இறக்காது, இறக்கிய பிறகு உதவும்.

இதைப் படிப்பவர்களில் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, ஒன்றரை மாதம் ஆன பிறகு, ஒரு வாரம் பத்து நாள்கூடப் போகாமல் இருக்கும். போகும்போது இளகலாகப் போய், பால் நன்றாகக் குடித்து, எடை ஏறினால் அது நோய் இல்லை. பத்து நிமிடம் முகம் சிவக்க முக்கி அழுதுவிட்டு, கடைசியில் இளகலாகவே போகும் குழந்தைக்கும் மருந்து தேவையில்லை. வயிற்றை அழுத்தும்போது கீழே தளர்த்த வேண்டும் என்பதை அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை, சில வாரங்களில் கற்றுக்கொள்ளும். பவுடர் பால் கொடுப்பவர்கள் டப்பாவில் சொன்னதைவிடக் கெட்டியாகக் கலக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது, பொட்டுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான நச்சுநோய் வரலாம்.

கடைசியாக, ஜூன் மாதம். மலச்சிக்கல் தொடங்குவதற்கு வசதியான வயதுகள் மூன்று: திட உணவு தொடங்கும் ஆறாவது மாதம், டாய்லெட் பழக்கும் இரண்டு மூன்று வயது, பள்ளியில் சேரும் வயது. பள்ளி டாய்லெட் அழுக்காக இருக்கும், தாழ்ப்பாள் இருக்காது, மிஸ்ஸிடம் கேட்கக் கூச்சம். அதனால் தண்ணீர் குடிக்காமல், போகாமல் மாலை வரை அடக்குவார்கள். தண்ணீர் குடிக்க மணியடிக்கும் ‘வாட்டர் பெல்’ கேரளப் பள்ளிகளில் 2019இல் வந்தது, பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்தது. நல்ல முயற்சி. குடித்த தண்ணீருக்கு ஏற்ற டாய்லெட்டும் இருக்க வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

உங்கள் மகளுக்கு இப்போதே சிகிச்சையைத் தொடங்கினால் பள்ளி திறப்பதற்குள் அடைப்பு இறங்கி, ஜட்டியில் படுவது நின்றிருக்க வாய்ப்பு அதிகம். காலையில் அவசரமில்லாமல் உட்கார அரை மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள். வேன் ஹாரன் கேட்கும்போது எந்தக் குழந்தையாலும் போக முடியாது. வகுப்பு ஆசிரியையிடம் தனியாகப் பேசி, கேட்டதும் டாய்லெட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள், மற்ற பிள்ளைகள் முன் எதுவும் கேட்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பையில் ஒரு மாற்று ஜட்டியும் பிளாஸ்டிக் கவரும் இருக்கட்டும், எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் காட்டிவையுங்கள். மருந்தைக் குறைக்கும் யோசனையை மட்டும் ஜூன், ஜூலையில் எடுக்காதீர்கள். புது இடம், புது டாய்லெட், புது நேரம் எல்லாம் அவளுக்குப் பழகட்டும். காலண்டரில் ஒரு மாதமாவது அழுகை இல்லாமல் ஓடியிருந்தால், காலாண்டு விடுமுறையில் மருத்துவரைப் பார்த்துக் குறைக்கத் தொடங்கலாம்.